பெற்றிசியா டொக்டர் சொல்லாமல் விட்ட ஒரு வசனம்

பெற்றிசியா டொக்டரைக் கரைச் சனம் ‘மீன் டொக்டர்’ என்று கேலி பண்ணும். நோயாளிகளின் இரத்தத்தை மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டியில், மீன்வாடி ஐஸ் போட்டு, மூன்று மணி பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்புகிறவரை வேறெப்படிச் சொல்வது? பேசாலைக் கரையில் பிறந்த பிள்ளை, லண்டனில் லூப்பஸ் நோயைப் படித்து அங்கேயே நல்ல உத்தியோகமும் பார்த்தவர். சண்டை முடிந்து சனம் திரும்பத் தொடங்க, அவரும் வந்துவிட்டார். அகதி முகாம்களில் வளர்ந்த பெண்களை இந்த நோய் கூடுதலாக வாட்டுகிறதா என்று ஆராயவேண்டுமாம். கலியாணம் கட்டவில்லை. பங்குச் சாமியாரின் வீட்டு விறாந்தையில் மாதம் ஒரு கிளினிக், நாற்பது நோயாளிகளுக்கு நாற்பது கொப்பி, அந்த ஐஸ் பெட்டி. ஆறு வருடம் இப்படியே போனது.

பதினேழாம் கொப்பி டிலோஜினியுடையது. இந்தியாவில் அகதி முகாமிலிருந்து தாய் மக்டலினோடும் தங்கச்சி பிரஷாந்தியோடும் வந்தவள், வயது இருபத்திரண்டு. வெயிலில் நின்று கருவாடு காயவைத்தவளுக்கு மூக்கின் இரு பக்கமும் சிவந்து, விரல்கள் வீங்கி, சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருந்தது.

“காவலுக்கு விட்டவனே வீட்டுக்காரரை அடிக்கிற மாதிரி ஒரு வருத்தம், பிள்ளை,” என்று லூப்பஸை விளக்கினார் டொக்டர்.

“அது எங்களுக்குப் பழகினதுதானே, டொக்டர்,” என்று சிரித்தாள் டிலோஜினி. அன்றிலிருந்து டொக்டருக்கு அவள்மேல் தனிப் பட்சம்.

டொக்டர் கொடுத்த குளிசை போட்டு, வெயிலுக்குப் போகாமல் இரண்டு வருடம் இருந்தாள். முகம் தெளிந்தது. ஆடி மாதக் கிளினிக்கில் மக்டலின் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக் கேட்டாள்.

“சுகமோ டொக்டர்? உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ.”

தாய்க்காரி ஒருத்தி இப்படிக் கேட்டால், சுகமானதும் நடந்து வருவதாக மடு மாதாவுக்கு நேர்த்தி இருக்கிறது என்று அர்த்தம். டொக்டர் சொல்லிவிட்டால் நேர்த்தியைத் தள்ளிப்போடக் கூடாது. கரையில் பிறந்த யாருக்கு இது தெரியாது? பெற்றிசியாவே ஏழு வயதில் காய்ச்சல் மாறி, தகப்பனின் தோளில் மடுவுக்குப் போனவர்தானே! ஆனால் அன்று மணி இரண்டே முக்கால். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பஸ் தவறினால் பன்னிரண்டு பேரின் இரத்தமும் நாசம்.

“ஓம், சுகம்தான். இரத்தத்தில பிழை ஒண்டுமில்லை,” என்றார், பெட்டிக்கு ரேப் ஒட்டியபடி. குளிசையை விடவேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரேயொரு வசனம்! அதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

ஆவணித் திருவிழாவுக்கு டிலோஜினி செருப்பில்லாமல், தலையில் முக்காடில்லாமல், இரண்டு நாள் வெயிலில் மடுவுக்கு நடந்தாள். சுகமான பிறகும் குளிசை போட்டால் மாதாவை நம்பாத மாதிரி என்று அதையும் அடியோடு நிறுத்தியிருந்தாள். திரும்பி வந்த ஒன்பதாம் நாள், சிறுநீரகம் நின்று ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அது தெரியாமல் அதே கிழமை கொழும்பு மகாநாடொன்றில் பெற்றிசியா பதினேழாம் நோயாளியின் முன்னேற்றத்தைத் திரையில் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த கிளினிக்குக்கு மக்டலின் கறுப்புச் சட்டையோடு பிரஷாந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் ஏசியிருந்தால், அடித்திருந்தால்கூட டொக்டருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கைகூப்பினாள்.

“நீங்கள் சொன்னபடியால்தான் பிள்ளை நேர்த்தி தீர்த்துப்போட்டுக் கண்ணை மூடினவள். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்.”

“அக்கா, அவள் செத்தது என்னாலதான். குளிசையை விடவேண்டாமெண்டு நான் சொல்லேல்லை.”

“சும்மா இருங்கோ டொக்டர். மாதா கூப்பிட்டவ.” மக்டலின் பிரஷாந்தியின் நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள். “இவளின்ர முகத்தை ஒருக்காப் பாருங்கோ.”

மூக்கின் இரு பக்கமும் சிவப்பு.

ஒரே வீட்டில் இரண்டு சகோதரிகள், ஆராய்ச்சிக்கு அருமையான சோடி! பெற்றிசியாவின் மனதில் முதலில் வந்தது அதுதான். சீ, நானும் ஒரு மனுசியா என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

“இவளுக்கும் நேர்ந்திருக்கிறன். சுகமானதும் சொல்லுங்கோ, என்ன?”

பெற்றிசியா பேனையை வைத்தார். பக்குவமாகச் சொன்னால் இந்தத் தாய் அதிலும் ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு மடுவுக்கு வெளிக்கிட்டுவிடுவாள்.

“இவளுக்கு ஒருநாளும் சுகம் வராது, அக்கா. சாகுமட்டும் குளிசைதான். நேர்த்தி தீர்க்கிற நாள் எண்டு ஒண்டு இவளுக்கு இல்லை.”

பதினாறு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நின்றது.