செல்வியின் இருமலும் பத்துப் பேர் தேர்ந்தெடுத்த வாக்யூம் கிளீனரும்

போன வாரம் குன்னூரில் ஒரு கடைக்காரரைக் கிட்டத்தட்ட அழவைத்துவிட்டோம். நாங்கள் நான்கு பேர், அவர் ஒருவர். போதாததற்கு எங்கள் கையில் மூன்று பொட்டலம் மரத்தூள் வேறு இருந்தது.

எங்கள் ஊர்ப் பொதுப் பட்டறையைப் பற்றி முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு காலத்தில் பச்சைத் தேயிலை எடை போட்ட பழைய ஷெட். இப்போது பதினோரு பேர் சேர்ந்து அதில் மரவேலை செய்கிறோம். நான் செய்த ஸ்டூலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அக்கறையாக விசாரித்தவர்களுக்கு நன்றி... அது இன்னும் ஆடுகிறது.

பதினோரு பேரில் பத்துப் பேருக்கு இது பொழுதுபோக்கு. செல்விக்கு மட்டும் பிழைப்பு. எஸ்டேட்டில் தினக்கூலிக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். இப்போது சில்வர் ஓக் பலகையில் நடைவண்டி, பொம்மை லாரி என்று செய்து ஊட்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கைவேலை அவ்வளவு சுத்தம். மூச்சுதான் ஒத்துழைக்கவில்லை. தூள் பட்டால் வீஸிங். டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார் — தூசியை நிறுத்து, இல்லையென்றால் வேலையை நிறுத்து.

வேலையை நிறுத்தினால்? மறுபடி கூடை, மழை, அட்டைக்கடி. யாருக்கும் அதை நினைக்கவே பொறுக்கவில்லை. சரி, ஒரு வாக்யூம் கிளீனர் வாங்கிவிடுவோம் என்று முடிவானது. அந்த முடிவுக்கு ஐந்து நிமிடம் ஆனது. எந்த வாக்யூம் கிளீனர் என்பதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

ஹார்டுவேர் கடை முருகேசனுக்கு மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும். எனக்குச் சத்தம் போடக்கூடாது. ஒருவருக்குத் தூள் சேரப் பை வேண்டும், இன்னொருவருக்குப் பை இருந்தால் தொல்லை. சக்கரத்தைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினோம். எங்கள் ஷெட்டின் குண்டும் குழியுமான தரையில் சக்கரம் உருளாது, நாம்தான் உருள்வோம் என்பது கடைசியில்தான் ஒருவருக்கு உறைத்தது.

செல்வி இத்தனையையும் வாசற்படிக்கு வெளியே குளிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மற்றவர்களின் வேலை ஓடிக்கொண்டிருந்தது, வந்தால் இருமல். இரண்டாவது ஞாயிறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உடனே இருமல் பிடித்துக்கொண்டது. நாங்கள் பதறி ஓடிப்போய்ச் சூடாக டீயும் வர்க்கியும் கொடுத்தோம். எவ்வளவு அக்கறை பாருங்கள்...

சண்டையை முடித்துவைத்தவர் ராஜலிங்கம் அண்ணன். சின்ன வயதில் குடும்பத்தோடு சிலோனிலிருந்து வந்தவர். பந்தலூர்ப் பக்கம் டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கும் இடத்திலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தூளை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தே என்ன கிரேடு என்று சொல்லிவிடுவார். கடையில் காட்டுகிற வித்தையை நம்பாதீர்கள், நம் தூளை நாமே கொண்டுபோய்ச் சோதிப்போம் என்றார். தூள் விஷயத்தில் அவரை எதிர்த்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்? பட்டறைத் தூளை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சலித்து, டீத்தூளைப் போலவே பெரிசு, நடுத்தரம், பொடி என்று கிரேடு பிரித்து, மூன்று பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தார்.

குன்னூர்க் கடைக்காரர் பாவம், வழக்கம்போல் கார்ப்பெட்டில் நான்கு காகிதத் துண்டுகளைப் போட்டு உறிஞ்சிக் காட்டினார். ராஜலிங்கம் அண்ணன் அவரை நகர்த்திவிட்டுப் பொட்டலங்களைப் பிரித்தார்.

"தம்பி, இது லீஃபு. இது புரோக்கன். இது டஸ்ட்டு. மிசினு மூணையும் எடுக்கணும்."

முதல் மிஷின் டஸ்ட்டை முன்பக்கம் விழுங்கிப் பின்பக்கம் துப்பியது. கடைக்காரரின் கறுப்பு ஸ்வெட்டர் பழுப்பாகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குள் வெளியே கூட்டம் கூடிவிட்டது. நான்காவது, டிரம் மாதிரி ஒரு குண்டு மிஷின். மூன்று கிரேடையும் விழுங்கிவிட்டுச் சாதுவாக நின்றது. அண்ணன் வெள்ளைக் கர்சீப்பை அதன் பின்பக்கம் பிடித்துப் பார்த்து, தலையாட்டினார். நாங்கள் கை தட்டினோம். கடைக்காரரும் தட்டினார், நாங்கள் கிளம்புகிறோம் என்கிற சந்தோஷத்தில்.

மறுநாள் காலை மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாயிற்று. ஷெட்டுக்குள் மூடுபனி தாராளமாக வந்து நின்றது. சுவிட்சைப் போட்டு, தரையில் கிடந்த தூளை உறிஞ்சத் தொடங்கினோம். இரண்டு நிமிடம் கர்ஜித்தது. பிறகு முனகியது. பிறகு நின்றுவிட்டது.

திறந்து பார்த்தால் ஃபில்ட்டர் முழுக்க அடை மாவு மாதிரி அப்பிக்கிடக்கிறது. இந்த ஊரில் ராத்திரி தரையில் கிடந்த தூள் காலையில் எப்படி இருக்கும்? நனைந்துதான் இருக்கும். அப்படியானால் கடைக்குக் கொண்டுபோன தூள் மட்டும் எப்படி அவ்வளவு பொலபொலவென்று இருந்தது?

எல்லோரும் ராஜலிங்கம் அண்ணனைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

"அடுப்புல தட்டு வச்சுக் காய வச்சேன். ஈரத்தூளை எப்புடிச் சலிக்கிறது? ஃபேக்டரியில காயாத தூளு சல்லடைக்கே வராதே."

அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா? தூள் என்றால் காய்ந்துதான் இருக்கும் என்று தேயிலை ஊரில் வளர்ந்த நாங்கள் அத்தனை பேரும் நம்பியிருந்தோம். சந்தனம் வைத்த மிஷினைக் கடைக்காரர் திரும்ப வாங்கவும் மாட்டார். முருகேசன் அப்போதே சொன்னேனே என்று ஆரம்பித்தார். செல்வி அடுத்த வாரம் கூடையைத் தூக்கிவிடுவார் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு செல்வி உள்ளே வந்தார்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? கீழ கெடக்கறது ஈரத்தூளுங்க, அது எந்திரிக்காது. அதுக்குச் சீமாறே போதும். எனக்கு மூச்சு முட்டறது பலகையத் தேய்க்கிற மிஷினு ஓடறப்பத்தானுங்க. அதுலதான் காஞ்ச தூளு பறக்குது. இந்தக் குழாய அது தூளு கக்கற வாயில கட்டி உடுங்க."

ராஜலிங்கம் அண்ணன் ஃபில்ட்டரைக் கழற்றித் தட்டி, தன் புகழ்பெற்ற அடுப்பருகே காயவைத்து எடுத்து வந்தார். முருகேசன் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, தேய்க்கும் மிஷினின் வாயில் குழாயை இறுக்கிக் கட்டினார். செல்வி துண்டை அவிழ்த்துவிட்டு ஒரு நடைவண்டியைத் தேய்க்க ஆரம்பித்தார். கால் மணி நேரம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நாங்கள்தான். அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். தூசிதான் இல்லையே என்றார் முருகேசன்.

இவ்வளவு சுலபமான விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று செல்வியைக் கேட்டேன். எனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். வண்டிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"சொல்லத்தான் வந்தனுங்கக்கா. டீயக் குடுத்து உக்கார வெச்சுட்டீங்க."

மோட்டாரைப் பற்றிக் கேட்டோம், பையைப் பற்றிக் கேட்டோம், சக்கரத்தை ஒரு மணி நேரம் விசாரித்தோம். யாருக்காக வாங்குகிறோமோ, அவரிடம் எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வருகிற ஞாயிறு ஷெட்டின் ஒழுகும் கூரையைப் பற்றிக் கூட்டம். யார் தலையில் ஒழுகுகிறதோ, அவர்தான் முதலில் பேசுவார். டீ, அவர் பேசி முடித்த பிறகுதான்.