பொறுப்பு மேடம்

காலை எட்டு ஐம்பதுக்கு மேடம் மூன்று வருகைப் பதிவேடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். ஒன்று அவருடையது. மற்ற இரண்டும் விடுப்பில் இருக்கும் யாருடையனவோ. படிகளின் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவார். மாணவர்கள் ஒதுங்கி வழிவிட்டால், "நீங்க போங்கப்பா. நான் ஒண்ணும் களைச்சுப் போகல, யோசிச்சிட்டு நிக்கிறேன்" என்பார்.

இயற்பியல் துறையின் கால அட்டவணையில், ஊரில் இல்லாத ஆசிரியரின் பெயரை அடித்துவிட்டு, இந்த அம்மாவின் பெயரை எழுதிப் பக்கத்தில் 'பொறுப்பு' என்று போடுவது வழக்கம். முப்பது வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து, மாணவர்கள் பெயரை விட்டுவிட்டுப் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பேராசிரியர்களும் அவர் இல்லாதபோது 'பொறுப்பு மேடம்' என்றுதான் சொல்கிறார்கள். அது அவருக்கும் தெரியும்.

அந்தத் துறையின் ஆய்வகத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. நான் சேர்ந்தபோது ஆசிரியர்கள் நான்கே பேர். இப்போது இருபத்து மூன்று. புதிதாக ஆள் வரும்போதெல்லாம் ஒட்டுப்பலகை வைத்து அறைகளைப் பிரித்தார்கள். மேடத்தின் அறையை மூன்று முறை பிரித்ததில், மேசை அவர் பக்கமும் ஜன்னல் அடுத்தவர் பக்கமும் போய்விட்டன. "காத்து அவருக்கு, கதவு எனக்கு. சரியாத்தானே பிரிச்சிருக்காங்க" என்று சிரித்தார்.

தேநீரை ஆறவைத்துத்தான் குடிப்பார். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே குடிக்க நேரமில்லாமல் வைத்துவிட்டுப் போய்ப் போய் வந்த பழக்கம். இப்போது சூடாகக் கொடுத்தால் நாக்கு ஏற்பதில்லையாம்.

கல்லூரி பல்கலைக்கழகமாக ஆனபோது, ஆசிரியர்களை ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு அனுப்பி முனைவர் பட்டம் வாங்க வைப்பது என்று அரசு முடிவு செய்தது. பட்டியலில் மேடத்தின் பெயர் இரண்டாவது. முதலில் போனவர் திரும்பி வரவே இல்லை. மேடத்துக்கு அனுமதிக் கடிதம் வந்து, குளிருக்கென்று கம்பளிக் கோட்டு ஒன்றும் தைத்து வைத்திருந்த சமயம், அன்றைய துறைத்தலைவர் கூப்பிட்டு, "நீங்களும் போயிட்டா பாடம் நடத்த ஆளே இல்லம்மா. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கங்க" என்றார். புதிய ஆள் வர இரண்டு வருடமானது. அதற்குள் அனுமதி காலாவதியாகிவிட்டது.

மறுபடி விண்ணப்பித்து, மறுபடி இடம் வாங்கினார். அதே வருடம் துறையின் இளைய ஆசிரியருக்கும் இடம் கிடைத்தது. ஒருவர்தான் போகலாம். மேடத்தின் இடத்தை ஒத்திவைக்க அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சம்மதித்தது, இளைய ஆசிரியருக்கு இடம் தந்த பல்கலைக்கழகம் சம்மதிக்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க தம்பி, மூணு வருஷம்தானே" என்று மேடம் தன் கோட்டையும் கொடுத்து அனுப்பினார். தம்பிக்கு ஐந்து வருடம் பிடித்தது. அவர் பட்டத்தோடு திரும்பி வந்தபோது, மேடம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். அந்த வயதுக்குமேல் படிப்பு விடுப்பு கிடையாது.

அதன் பிறகும் அந்தக் கோட்டு மூன்று ஆசிரியர்களோடு போய் வந்தது. "நான்தான் போகல. என் கோட்டு நாலு தடவை போயிட்டு வந்திருச்சு" என்பார். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் கணவர் மகளிடம், "உங்கம்மாவுக்கு ஊரைவிட்டுப் போக டைம் டேபிள்ல பீரியட் கிடைக்கலம்மா" என்று சொல்வாராம். அதைச் சொல்லும்போது மட்டும் மேடத்தால் முழுதாகச் சிரிக்க முடிவதில்லை.

போன வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்திருந்தது. நான் பின்பக்கம் ஏணிமேல் நின்று மின்விசிறியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மேடம் கரும்பலகையை ஒரு மூலையிலிருந்து அழித்துக்கொண்டிருந்தார். துறைத்தலைவர் உள்ளே வந்தார். அந்த இளைய ஆசிரியர்தான் இப்போது துறைத்தலைவர். பலகையின் அழிக்காத பாதியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"அக்கா, ஒரு சுற்றறிக்கை வந்திருக்கு."

"டாக்டர் பட்டமில்லாதவங்க முதுகலைக்குப் பாடம் எடுக்கக் கூடாதுன்னா?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? டாக்டர்கள் இத்தனை பேர் வந்தப்புறம் இது வராமலா இருக்கும்? எப்பத்திலேர்ந்து?"

"திங்கட்கிழமையிலேர்ந்து. நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேங்க்கா. உங்களுக்கு இனிமே இளங்கலை முதல் வருஷ வகுப்புங்க மட்டும்தான்."

மேடம் அழிப்பதை நிறுத்தினார். "ஹைட்ரஜன் அணுப் பாடம் பாதியில நிக்குது தம்பி. மூணே வகுப்பு. அதை முடிச்சுக் குடுத்துட்டுப் போறேனே."

துறைத்தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். "புதுசா சேர்ந்தவர்கிட்ட ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க."

மேடம் வந்து மாணவர்களின் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இருபத்தொன்பது வருடமாக முதுகலைக்கு நடத்திய குறிப்பேட்டை மடியில் வைத்து, அதன் பிய்ந்த ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். என் கையிலிருந்த திருப்புளியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கு நான் போகாம இருந்திருந்தா..." என்று தொடங்கினார் துறைத்தலைவர்.

"போகாம இருந்திருந்தா உங்க இடம்தான் வீணாப் போயிருக்கும். விடுங்க."

துறைத்தலைவரின் கைபேசி அடித்தது. துணைவேந்தர் அறையில் கூட்டம், எல்லோரும் வந்துவிட்டார்களாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினார். அவருடைய நீலச் சட்டையின் முதுகு முழுக்கச் சுண்ணக்கட்டித் தூள். மேடம் எழுதியிருந்த சமன்பாடு இடவலம் மாறிப் பதிந்து, பாதி அப்பியிருந்தது.

"நில்லுங்க தம்பி. இப்படியேவா கூட்டத்துக்குப் போவீங்க?"

மேடம் குறிப்பேட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவரைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கவைத்து, தோளிலிருந்து இடுப்புவரை, உள்ளங்கையால் மெல்லத் தட்டித் தட்டி, வெள்ளை முழுக்கப் போகும்வரை துடைத்துவிட்டார்.