முந்திப் போனதா, முந்திப் பொய்யா?

போன கிழமை எனக்குத் திடீரென்று துப்புரவு ஆசை வந்தது. வீட்டை அல்ல — மனிசி அவசரப்பட்டுச் சந்தோசப்பட வேண்டாம். பழைய புரோகிராம் ஒன்றை.

ஓட்டமாவடிப் பக்கத்து விவசாயச் சங்கம் ஒன்றுக்குப் பத்து வருசத்துக்கு முந்தி எழுதிக் கொடுத்தது. இன்றைக்கு எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிப் பகுதிக்கு, வாய்க்காலைத் திறக்கிறார்களோ, அந்த வட்டையில் வயல் உள்ளவர்களின் போனுக்கு ‘தண்ணி வருது, வாங்க’ என்று மெசேஜ் போகும். அவ்வளவுதான் அதன் வேலை.

புரோகிராமின் கோடுக்குள் நுழைந்தால்... எங்கு பார்த்தாலும் குறிப்புகள். ‘அடுத்த கிழமை திருத்தவும்.’ எந்த வருசத்துக் கிழமை? ‘மழை விட்டதும் அழிக்கவும்.’ அதற்குப் பிறகு எத்தனை மழை விட்டுவிட்டது! எந்த மடையன் எழுதினான் என்று பார்த்தேன். நான்தான்.

ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டே போனேன். ஒரு வரியின் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ்: ‘முந்தி’, அதற்குப் பின்னால் பீ, ஓ, ஐ. ‘முந்தியே போய்...’ ஓகோ, எப்போதோ செத்துப்போன வரி! குறிப்போடு சேர்த்து வரியையும் தூக்கி எறிந்தேன்.

மறுநாள் காலை சங்கச் செயலாளர் ஹனிபா காக்காவின் போன்.

“தம்பி, ஒம்பது வட்டைக்காரனும் மம்பட்டியோட வாய்க்கால் கட்டுல நிக்கிறான். தண்ணி ஒரு வட்டைக்குத்தான். என்ன வேல பாத்த நீ?”

“சுத்தம் செஞ்சன் காக்கா.”

“ஆரு கேட்ட உன்னட்ட?”

பழைய பிரதியைத் திறந்து பார்த்தேன். அது ‘போய்’ அல்ல... ‘பொய்’! ஒவ்வொரு வட்டையையும் சரிபார்க்கத் தொடங்குமுன், ‘தண்ணி உண்டு’ என்பதை முந்திப் பொய் என்று வை. உண்மை என்று தெரிந்த பிறகு மாற்று. அதற்கான வரி. அது போனதும், பட்டியலில் முதலில் நின்ற, அன்றைக்குத் தண்ணி உள்ள வட்டையின் ‘உண்மை’ அப்படியே ஒட்டிக்கொண்டு ஒன்பது வட்டைக்கும் ஊர்வலம் போய்விட்டது.

வரியைத் திருப்பி வைக்க ஐந்து நிமிசம். சனத்தின் நம்பிக்கையை?

“நாளைக்கு இந்தச் சுற்றுல கடைசி வட்டை,” என்றார் காக்கா. “குடலைப் பயிர், கதிர் வாற நேரம். நாளைக்குத் தவற விட்டா மறுகா பத்து நாளைக்குத் தண்ணி இல்ல. உன்ட மெசேஜ இனி ஒருத்தனும் நம்பமாட்டான்.”

கடைசி வட்டைக்காரர் பதினேழு பேருக்கும் நானே போன் எடுத்தேன். பதினாறு பேர் முனகிக்கொண்டு சம்மதித்தார்கள். பதினேழாவது ஆள் புஹாரி நாநா.

“நீயும் வா. தண்ணி வராட்டி உன்னத்தான் வயலுக்குள்ள பாய விடுவன்.”

போனேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கட்டில் நின்றேன். பதினேழு பேரும் வாய்க்காலைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்கள். ஏழு மணிக்குச் சலசலவென்று தண்ணி வந்தது. அதன்பிறகு என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அவ்வளவு நிம்மதி எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வரியின் பக்கத்தில் புதிதாக ஒரு குறிப்பு எழுதினேன். இந்த முறை தமிழ் எழுத்தில்: ‘இதை அழிப்பவர், விடியவே வாய்க்கால் கட்டுக்கு வந்து பதில் சொல்லவும்.’