சுந்தரிக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள்

எழுபதுகளில், எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள் சுந்தரி, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், நூல்கடை முதலாளி, எதிர்வீட்டுக் காளீஸ்வரி. போன செவ்வாய்க்கிழமை காளீஸ்வரி போய்விட்டாள் என்று பரளச்சியிலிருந்து அவள் தம்பி போன் செய்தான். துக்கத்துக்கு வந்தவர்கள், “பாவம், நூல் சுத்தியே காலத்தைக் கழிச்சா” என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் மூன்றாவதோடு நின்றவள். பிழை இருக்கும், பொய் இருக்காது.

சுந்தரி காலாண்டில் கணக்கில் ஏழு மார்க். முழுப் பரீட்சையில் தவறினால் தறிதான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வாத்தியாரிடம் டியூசனுக்கு அனுப்பினோம். அங்கே நாற்பது பிள்ளைகள். அவர் போர்டைப் பார்த்துப் பேசுவார். இவள் பார்த்து எழுதுவாள். அரையாண்டில் ஒன்பது. “இது மண்டையில ஏறாதும்மா” என்று கையை விரித்தார்.

காளீஸ்வரி இங்கிலீஷில் பெயிலானவள், கணக்கில் புலி. “அவளை எங்கிட்ட விடுங்க மதினி. இவ பாஸானா நாலு பேரு பிள்ளைகளை அனுப்புவாக, நானும் ராட்டையை விட்ருவேன்” என்றாள். இன்னொரு பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளேன் என்றேன். “ரெண்டு பேரு உக்காந்தா ஒருத்தி சொல்லுவா, மத்தவ தலைய ஆட்டுவா. எவளுக்குத் தெரியலைன்னு நான் எங்கிட்டுத் தேட?”

முதல் நாள் காளீஸ்வரி புத்தகத்தையே திறக்கவில்லை. நாலில் ஒரு பங்கா, எட்டில் ஒரு பங்கா, எது பெரிது என்று கேட்டாள்.

“எட்டுதான் பெருசு” என்றாள் சுந்தரி. நான் சிரித்துவிட்டேன். காளீஸ்வரி சிரிக்கவில்லை.

“ஏத்தா, நாப்பதாம் நம்பர் நூலு தடிப்பா, எம்பதாம் நம்பரா?”

“நாப்பதுதான் தடிப்பு. இதுகூடத் தெரியாதா அத்தை?”

“எண்ணு கூடுனா?”

“நூலு மெலியும்.” சட்டென்று நிறுத்தினாள். “அப்ப எட்டுல ஒண்ணு சிறுசா?”

“அஞ்சாப்புல விட்ட இழை மதினி. இன்னைக்குத்தான் ஆப்புட்டுச்சு” என்றாள் என்னிடம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்குக்கும், சரியோ தப்போ, “எப்படிப் போட்ட, சொல்லு” என்பாள். சொல்ல முடியாவிட்டால் அடுத்த கணக்கு கிடையாது. மூன்று மாதம் அப்படித்தான் நடந்தது.

சுந்தரி தேறினாள். தன் பிள்ளைகளுக்கு டியூசன் தேடிக்கொண்டிருந்த நூல்கடை முதலாளியைக் கூட்டிக்கொண்டு வாத்தியார் வந்தார். “நம்ம டியூசன் பிள்ளை தோக்குமா?” என்றார்.

“தை மாசத்தோட உங்ககிட்ட வாரதை நிறுத்திட்டாளே சார்” என்றேன்.

“நீ சும்மா இரு” என்றார் வீட்டுக்காரர்.

முதலாளி சுந்தரியையே கேட்டார்: “நீ சொல்லு தாயி, ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

காளீஸ்வரி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். சுந்தரி அவளை ஒரு தடவை பார்த்தாள். “சார்தான்” என்றாள். பெயிலானவளிடம் படித்தேன் என்று சொல்ல வெட்கம்.

“விடுங்க மதினி, கணக்கு அவளுக்குத் தெரியும்ல” என்று காளீஸ்வரி என்னைத்தான் சமாதானப்படுத்தினாள். மறுவருசம் அவளிடம் ஒரு பிள்ளைகூட வரவில்லை. வாத்தியார் வீட்டில் அறுபது பேர். அவள் ராட்டையை விடவே இல்லை.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: பிள்ளை தப்பாகச் சொன்னால் இப்போது நான் சிரிப்பதில்லை.

வாத்தியார் பெருமைக்காரர், போகட்டும். வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மதுரையில் இருக்கிறாள் ஒருத்தி. ஒன்றரை மணி நேரப் பயணம், துக்கத்துக்கு வரவில்லை. பத்து மாதம் சுமந்து பெற்றவள்தான். ஆனாலும் மன்னிக்க மாட்டேன், சுந்தரியை.