யானைக்குக் காடு இருக்கிறது

இன்று ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்த பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும். மகளுக்கு இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. அவளை அம்மா புருஷன் வீட்டில் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“பாலாத்துக் காட்டு யானையப் பாரு கண்ணு,” என்றார் அம்மா. “மழை பேயலீன்னா மரப்பட்டையத் தின்னுட்டுத் தாங்குது. நாம தாங்க மாட்டமா?”

மகள், “அது அங்கயே நிக்கறதில்லீம்மா. தண்ணியிருக்கற பக்கம் நடந்துருது,” என்றாள்.

“அதுக்குப் போறதுக்குக் காடு இருக்குது. உனக்கு எங்க இருக்குது?”

சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகள்தான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இறங்கும்போது அவளிடம் மெதுவாக, “போலீஸ்ல சொல்லலாமே, நான் கூட வரேன்,” என்றேன்.

“பையன் அவங்ககிட்ட இருக்கறானுங்க்கா.”

பஸ் ஸ்டாண்டில் புருஷன் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். “வாங்கத்தே, சாப்டீங்களா?” என்று கேட்டு அவள் பையை வாங்கிக்கொண்டார். பார்த்தால் நல்ல மாப்பிள்ளை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

பொறுமையின் பெருமை பற்றித் தினமும் பதிவு போடும் நண்பர்களே, அவளுக்கு என்ன சொல்லலாம் என்று கீழே எழுதுங்கள்.