கலைவாணியின் நாலு டப்பா

ஜுரம் விட்டு எழுந்தபோது கலைவாணிக்கு இரண்டு போயிருந்தன. ஒன்று, புருஷன் கோபிகிருஷ்ணன். இன்னொன்று, மூக்கின் வாசனை. புருஷனுக்காக அவள் பிறந்த பாலசமுத்திரத்துச் சொந்தமெல்லாம் போனில் அழுதது. யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத வருஷம் அது. மூக்கைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஆளே போன வீட்டில் வாசனை போனதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அடுத்தவர் கொல்லையில் கூலிக்குக் கரும்பு வெட்டி அவளுடைய நைனா வளர்த்த பெண். கோபி திருச்சானூருக்கும் திருப்பதிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அவனைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து திருச்சானூர்தான் அவள் ஊர். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லாட்ஜில் அறை துடைத்துப் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. ஒரே மகள் பவ்யா ஹைதராபாத்தில் ஒரு கம்பெனியில் இருந்தாள். கோபி போன பிறகு கலைவாணி ஒற்றை அறை வீட்டுக்கு மாறிக்கொண்டாள்.

சோறு ஈரக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. உப்பும் காரமும் நாக்குக்குத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. வாசனையில்லாத அந்தச் சோற்றைத் தனியாக உட்கார்ந்து விழுங்குவதற்கு ஒரு துணை வேண்டியிருந்தது. போனில் ஏதாவது வீடியோவைப் போட்டுவிடுவாள். சமைக்கும்போது, துணி துவைக்கும்போது, தூங்கும்போதுகூட யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று அவள் கேட்டதில்லை. லாட்ஜிலும் காதில் இயர்போன்தான். எந்தெந்த அறை முடிந்தது என்று யாராவது கேட்டால் கையிலிருக்கும் சாவிகளைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்ததும், கேஸ் அறை முழுக்கப் பரவியதும் அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, அணைந்த அடுப்பைப் பார்த்து, லைட்டரைக் கையில் எடுத்தாள். அந்த நேரம் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சுமித்ரா, தையல் மிஷின் வைத்திருப்பவள்.

"கலைவாணிக்கா! கேஸ் நாத்தம் ரோடு வரைக்கும் அடிக்குது! உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கே?"

கதவு திறந்ததும் சுமித்ரா உள்ளே பாய்ந்து சிலிண்டரை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள். பிறகுதான் கலைவாணியின் கையிலிருந்த லைட்டரைப் பார்த்தாள். அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"உனுக்கு நாத்தம் வர்லியா?"

"வர்ல."

"இன்னாக்கா, சளியா?"

"ரெண்டு வருசமா வர்ல, சுமி."

அன்று தையலை மூடிவைத்துவிட்டு சுமித்ராவே அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றித் திருப்பதிக்கு அழைத்துப் போனாள். காது மூக்கு டாக்டர் அக்ஷயா, பவ்யாவைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். "எந்நாள்ள நுஞ்சி?" என்று எத்தனை நாளாக இப்படி என்பதைத் தெலுங்கில் கேட்டாள். "ரெண்டேள்ளு" என்று கலைவாணி சொன்ன தினுசிலேயே ஆள் எந்தப் பக்கம் என்று புரிந்துகொண்டு தமிழுக்கு மாறினாள். அவளும் தமிழ் பேசும் சித்தூர்க்காரிதான்.

"லேட்டா வந்துருக்கீங்கம்மா. திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். வரலாம். எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம், பன்னீர். நாலு டப்பா. காலைல, சாயந்திரம், ஒவ்வொண்ணா மோந்து பாருங்க. போனு, டிவி எதுவும் கூடாது. வாசனை வந்துதா வந்துதான்னு தேடாதீங்க. கையில இருக்கறது என்னவோ, அதுமேல மட்டும் மனசை வைங்க."

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கலைவாணிக்குத் தோன்றியது. ஆனாலும் செய்தாள். முதல் இரண்டு நாள் கிறுக்குத்தனமாக இருந்தது. மூன்றாம் நாள் கிராம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வீட்டின் அமைதி அப்படியே வந்து அவள்மேல் விழுந்தது. கோபி இல்லை. இந்த அறையில் பேச ஒருவரும் இல்லை. இரண்டு வருஷமாக அழாததையெல்லாம் அன்று அழுதாள். லாட்ஜுக்கும் நேரமாகிவிட்டது.

மறுநாள் உட்காரப் பயமாக இருந்தது. இருந்தும் உட்கார்ந்தாள்.

வாசனை வரவில்லை. ஆனால் எலுமிச்சையின் தோலில் ஊசி குத்தியது மாதிரி எத்தனை புள்ளி என்று அப்போதுதான் பார்த்தாள். காலையில் அது உள்ளங்கையில் ஜில்லென்று இருக்கும்; சாயந்திரம் வெதுவெதுப்பாக இருக்கும். தைலம் மூக்குக்குள் வெறும் குளிர்ச்சியாக ஏறி இறங்கும். ஜன்னலுக்கு மேலே புறாக்கள் குடித்தனம் நடத்துவது தெரிந்தது. சுமித்ராவின் மிஷின் ஓடி ஓடி நிற்பது கேட்டது. ஒரு மாதம் கழித்து லாட்ஜில் இயர்போனைக் கழற்றி வைத்தாள். சலவை விரிப்பை உதறினால் அது காற்றை வாங்கி உப்பி, அவசரமில்லாமல் கட்டிலில் படிகிறது. அழகாக இருந்தது. தேவையே இல்லாமல் இன்னொரு தரம் உதறினாள். தன்னை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பவ்யா கூப்பிட்டாள்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கே?"

"எலுமிச்சம்பழத்த பாத்துக்கினு இருக்கேன்."

"ஒண்டியா இருந்து இருந்து உனுக்கு ஏதோ ஆயிடுச்சும்மா. கெளம்பி இங்க வந்துடு."

"ஒண்டியாத்தான் இருக்கேன் கண்ணு. ஆனா ஒண்ணும் ஆவல" என்றாள் கலைவாணி. போனை வைத்த பிறகு வீடு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மகளின் குரல் கொஞ்ச நேரம் காதிலேயே இருந்தது. அவள் அதை விரட்டவில்லை.

ஏழாம் மாதம், லாட்ஜின் இருநூற்றேழாம் அறையில் குளியலறையைக் கழுவப் போனவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம். அப்புறம்தான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது. குனிந்து சாக்கடை ஓட்டைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து இழுத்தாள். நாறியது. அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டும். பவ்யா வேலையில் இருப்பாள். சுமித்ராவுக்குப் போன் போட்டாள்.

"சுமி! பாத்ரூம் நாறுது!"

"நாறுனா கழுவுக்கா. இதுக்கா போன் பண்றே?" என்றவளுக்குச் சட்டென்று விஷயம் புரிந்தது. பிறகு அவள் போட்ட கூச்சலில் கலைவாணி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

எல்லாம் திரும்பிவிடவில்லை. பினாயில் வந்தது. கிராம்பு சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. காபி, டயர் எரிகிற நாற்றத்தோடு வந்ததால் காபியையே விட்டுவிட்டாள். மல்லிகைப்பூ இன்றுவரை அவளுக்கு வெறும் வெள்ளைதான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்த டாக்டர், இதற்கு மேல் வருவது சந்தேகம், வேண்டுமானால் டப்பாக்களை நிறுத்திக்கொள்ளலாம் என்றாள்.

"நிறுத்தல டாக்டரம்மா" என்றாள் கலைவாணி. "அந்த நேரம்தான் நான் என் வூட்ல இருக்கேன்."

பவ்யா வருஷத்துக்கு ஒரு தரம் வருவாள், மூன்று நாள் இருப்பாள். அவள் போன மறுநாள் கலைவாணிக்கு எந்த வேலையும் ஓடாது. அந்த நாளையும் அவள் அப்படியே உட்கார்ந்து கடக்கக் கற்றுக்கொண்டாள்.

போன கார்த்திகையில் பஞ்சமி தீர்த்தத் திருவிழாவுக்குத் திருச்சானூர் நிரம்பி வழிந்தது. லாட்ஜில் ஓர் அறைகூடக் காலியில்லை. விடியற்காலையிலிருந்து முப்பது விரிப்புகளை மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தாள் கலைவாணி. கீழே தெருவெல்லாம் ஜனம், ஒலிபெருக்கியில் தெலுங்கு. வழியில் வாங்கிய கொய்யாப்பழம் ஒன்று முந்தானையில் இருந்தது, மிளகாய்த்தூள் தடவியது. கடித்தாள். நறுக்கென்றது. விதைகள் பல்லில் நெருநெருத்தன, காரம் நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று ஏறி மெல்ல அடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து பாதி கேட்க ஆளில்லை. முழுப் பழத்தையும் ஆற அமரத் தின்று முடித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, காய்ந்த விரிப்புகளை எடுக்கப் போனாள்.