கடலில் விட்ட பட்டுச்சேலைகள்

அமாவாசைக்கு மறுநாள் ஜோதிமேரி அக்காவிடம் யாராவது "இன்னைக்கு என்ன பாடு?" என்று கேட்டால், மீன் எவ்வளவு கிடைத்தது என்று கேட்பதாக வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அவர் துணிக் கணக்கைச் சொல்வார்.

"முப்பது கிலோ தேறும். பாதி வேட்டி. வடக்கத்தி ஆளுக பேண்ட்டு சட்டையோட முங்குறாக. நனைஞ்சா நல்ல கனம்."

ராமேஸ்வரம் அக்கினி தீர்த்தத்தில் குளித்துத் திதி கொடுக்கிறவர்களில் பலர், உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரையேறுவார்கள். இறந்தவர்களின் துணியைக் கொண்டுவந்து விடுகிறவர்களும் உண்டு. தோஷம் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. துணி மட்டும் எங்கேயும் போவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஊறிக் கிடக்கும். அதைக் கிழிந்த வலைத்துண்டு ஒன்றால் அரித்து எடுப்பதுதான் அவருக்கும் அவருடைய கூட்டாளி சேதுலட்சுமிக்கும் தொழில். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடப்பார்கள். வலை மட்டும் ஜோதிமேரி அக்காவுடையது. கணவர் வேதமுத்து மஞ்சள் காமாலையில் இறந்தபோது வீட்டில் விட்டுப்போன ஒரே தொழில் சாமான் அது.

எடுத்த துணியை அக்காள்மடம் கிராமத்தில் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால், ராமநாதபுரத்திலிருந்து முத்துராமலிங்கம் வேனில் வந்து எடை போட்டு எடுத்துப் போவார். மதுரைப் பட்டறைகளில் மெஷின் துடைக்க அவை துண்டு துண்டாகக் கிழிபடும். பட்டுக்குக் கூடுதலாகக் கேட்டால் அவர் சிரிப்பார். "கிரீஸ் துடைக்கிறவனுக்குப் பட்டு வழுக்கும்த்தா. நியாயமாப் பாத்தா நான் கொறைக்கணும்."

2007 ஐப்பசியில் ஒரு பாட்டில் சில்லு அக்காவின் வலது பாதத்தில் ஏறியது. வலிக்கவே இல்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வலிக்காததுதான் ஆபத்து என்று ராமநாதபுரத்தில் டாக்டர் சொன்னார். சர்க்கரையில் நரம்பு மரத்திருந்தது. புண் ஆறும்வரை, ஆறிய பிறகும், அந்தக் கால் உப்புத் தண்ணீரில் படக்கூடாது. பட்டால் முதலில் விரல் போகும், பிறகு பாதம் போகும்.

"உப்புத் தண்ணில படாம ராமேஸ்வரத்துல என்னத்தச் செய்ய?" என்று அவர் என்னிடம் கேட்டது அடுத்த வருஷம் மாசியில். நான் நான்கு வருஷம் வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். எங்கள் வீடு அவருடைய வீட்டுக்கு நேர் எதிரே. பூனாவில் என்னோடு அறையில் இருந்த பெண், உடுத்திய துணிகளை இன்டர்நெட்டில் விற்று வாடகை கொடுத்ததை அவருக்குச் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே பட்டுச்சேலைகள். கிழிக்கக் கொடுக்க மனம் வராமல் எட்டு வருஷமாக எடுத்துவைத்தவை, இருபத்துமூன்று.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பூமிநாதன் அண்ணனிடம் டிஜிட்டல் கேமரா இருந்தது.

"ஏத்தா, நீ கட்டிக்கிட்டு நில்லு. ஆளு கட்டுன சேலைதான் போகும்" என்றார் அக்காவிடம்.

"இந்த மூஞ்சியப் பாத்தா வாங்குறவளும் ஓடிருவா. நாக்காலில போடுங்கண்ணே" என்றார் அக்கா.

நாற்காலியில் மடித்துப் போட்டு எடுத்தோம். பின்னால் நாள்காட்டி தொங்கிய நீலச் சுவர். பழைய துணி விற்கும் இணையதளம் ஒன்றில் பக்கம் திறந்து, 'சுத்தமான பட்டு, அதிகம் உடுத்தாதது' என்று நான் எழுதினேன். பொய் இல்லை. எங்கிருந்து வந்தது என்று எழுதவும் இல்லை. தொடர்புக்கு அக்காவின் செல்போன் எண்ணைக் கொடுத்தோம்.

இரண்டாவது வாரம் மாம்பழ நிறச் சேலை சேலத்துக்குப் போனது. பிறகு பெங்களூருக்கு ஒன்று, சென்னைக்கு மூன்று. ஒரு சேலையில் கிடைத்தது அவருக்கு ஒரு மாதம் கடலில் இறங்கியதைவிட அதிகம். அவர் கடலுக்குப் போவதை நிறுத்தினார். சேதுலட்சுமி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வலை இழுத்தார். பட்டு கிடைத்தால் கொண்டுவந்து அக்காவிடமே விற்றார். அக்கா காலையில் கட்டை அவிழ்த்து என்னிடம் காலைக் காட்டுவார். "பாரு புள்ள, ஓரம் காஞ்சிருக்கு." உண்மையிலேயே காய்ந்திருந்தது. ஆவணியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து அவர் மீன் அரிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. கை ஈரம் என்பதால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மாள். அரக்குச் சேலை வாங்கியவர்.

"ஏனுங்க, முந்தானை மூலையில ஒரு முடிச்சு இருந்துச்சுங்க. இப்பத்தான் அவுத்தேன். எள்ளும் தர்ப்பையும் ஒரு ரூவாக் காசும் இருக்குதுங்களே, இது என்னதுங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. நான் ஒரு சேலையைக்கூட முழுதாக விரித்துப் பார்த்ததில்லை.

"என்ற பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு இதையக் கட்டிட்டு நிக்கறாளுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு. இது யாரு சேலைங்க? உங்க வீட்டுதுதானுங்களா?"

ஆமாம் என்று சொல்லும்படி நான் தலையை ஆட்டினேன். அவர் பார்த்தார்.

"இல்லம்மா. கடல்ல விட்டது. ராமேஸ்வரத்துல."

அங்கே மேளச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"உசுரோட இருக்கறவங்க விட்டதா, செத்தவங்களுதுங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

போன் அணைந்தது. நான் கோபத்தில் கத்தினேன். அவர் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மகளக் கட்டிக்குடுக்கிறவ கேக்குறா. அவகிட்ட என்னன்னு பொய் சொல்ல?"

முடிச்சு விஷயம் சேதுலட்சுமி வந்த பிறகுதான் புரிந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கூறுகெட்டவளே! திதி குடுத்த எள்ளுடி அது. அவுத்துக் கடல்ல உதறிட்டுல்ல எடுக்கணும். பிண்டத்தோடயா பார்சல் போட்ட?"

"நேத்திக்கடன்னு நெனச்சேன்" என்றார் அக்கா. "எங்க மாதா கோயில் கொடிமரத்துல நேந்து முடிவாகள்ல, அது மாதிரி. மத்த ஆளு அவுத்தா அவுக வேண்டுதல் கெட்டுப்போகும். அதான் துவைக்கிறப்பக்கூட அதத் தொடாம துவைச்சேன்."

பதினொரு வருஷம் ஒரே வலையை இழுத்தவர்கள். ஒருத்தி ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்து உதறியிருக்கிறாள், இன்னொருத்தி ஒவ்வொன்றையும் பத்திரமாக விட்டிருக்கிறாள். கிழிக்கப் போகிற துணியில் அது யாருக்கும் தெரியவில்லை.

கோயம்புத்தூர் அம்மாள் நடந்ததை அந்த விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிட்டார். ஒரு வாரத்தில் ஏழு சேலைகள் கூரியரில் திரும்பி வந்தன. சென்னைக்காரர் ஒருவர் சேலையோடு ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்து அனுப்பியிருந்தார். இணையதளக்காரர்கள் எங்கள் பக்கத்தை மூடிவிட்டார்கள். "நான் யாவாரம் பண்ற ஆளு தாயி. பிணத்துச் சேலை விக்கிற கடைன்னு பேராயிட்டா எவன் உள்ள வருவான்?" என்றார் பூமிநாதன் அண்ணன்.

நான் விடவில்லை. முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, மதுரை முகவரி ஒன்றைப் போட்டு, வேறு பெயரில் விற்கலாம் என்றேன். அக்கா அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் ஒரு தட்டை வைத்துக்கொண்டு சுவர் ஓரம் உட்கார்ந்தார். உப்பில் இறுகிப்போன முடிச்சுகள் விரலுக்கு அசையவில்லை. கொக்கி ஊசியால் நெம்பினார். ஒவ்வொன்றையும் அவிழ்க்குமுன் சிலுவை போட்டுக்கொண்டார். மொத்தம் ஒன்பது. எள்ளைச் சேதுலட்சுமி கடலில் கொண்டுபோய்ப் போட்டார்.

அவசரத்தில் நான் பழைய படங்களையே ஏற்றினேன். அதே நாற்காலி, அதே நாள்காட்டி, அதே நீலச் சுவர். நான்காம் நாள் யாரோ அடையாளம் கண்டு 'இது ராமேஸ்வரத்துச் சேலை' என்று எழுதினார்கள். அந்தப் பக்கமும் போயிற்று. மீண்டும் படம் எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. "ஊரு ஊராச் சுத்துனவ நீ. நாளைக்குப் போயிருவ. கேள்வி கேட்டா பதில் சொல்ல நான்தான் இருக்கணும்."

என் பை எப்போதும் போலத் தயாராகத்தான் இருந்தது.

திரும்பி வந்த சேலைகளை முத்துராமலிங்கம் எடைக்கே எடுத்துக்கொண்டார். 2009 தை அமாவாசைக்கு மறுநாள் அக்கா பாதத்தில் இரண்டு பிளாஸ்டிக் பைகளை மாட்டி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தார்.

"வேணாம்டி" என்றார் சேதுலட்சுமி.

"ஒன் மகளத்தான் மண்டபத்துக்குக் கட்டிக்குடுத்திட்டியே. ஒத்தையில ரெண்டு முனையவும் பிடிச்சிருவியா?"

சேதுலட்சுமி ஒரு முனையை எடுத்துக்கொண்டார். பத்தாவது நிமிஷத்தில் பைக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. அன்றைய பாடு நாற்பது கிலோ.

பங்குனியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆடியில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க நாள் குறித்தார்கள். முந்தின நாள் நான் பார்க்கப் போனேன். அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணிடம் ஆரஞ்சுச் சுளையை நீட்டியபடி அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"கவுருமெண்டுல கட்டைக்கால் குடுப்பாகளாம்ல? ரப்பர்ல செஞ்சதாம். அது உப்புத் தண்ணில ஊறாதுல்ல? டாக்டர்ட்ட நீ கேளு புள்ள. நான் கேட்டா திட்டுவாரு."

வெளியே போய்க் கேட்டேன். தண்ணீர் பரவாயில்லை, ஆனால் கடல் மணலில் அந்தக் காலை ஊன்றி நின்று பாரம் இழுக்க முடியாது என்றார் டாக்டர். உள்ளே வந்து அதைச் சொன்னேன்.

"அப்படியா" என்றார். கையிலிருந்த மீதி ஆரஞ்சையும் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.